வாடிய மல்லிகையில் ஏறிய 149: ஒரு ஜிசி-எம்எஸ் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் ஒரு கல்லூரியின் கருவிக்கூடத்தில் ஜிசி-எம்எஸ் கருவியை, அதாவது ஒரு கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காட்டும் கருவியை, இயக்கிப் பராமரிப்பது என் வேலை. அங்கே பங்குனியில் தொடங்கி ஆடியில் முடிந்த ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட ஆய்வு மாணவியும் அவருடைய நெறியாளரும் "எழுதுங்க, பெயர் மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

மாணவி எடுத்துக்கொண்டது மதுரை மல்லி. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. விடியலில் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து, மாலையில் சரமாகித் தலையில் ஏறி, இரவில் விரியும். விரிந்த பூ மறுநாள் வாடும்போது வாசத்தில் எந்தப் பொருள் குறைகிறது, எது கூடுகிறது என்பது அவர் கேள்வி. பூ கட்டுகிறவர்களுக்கும் வாசனை எண்ணெய் எடுக்கிறவர்களுக்கும் விடை பயன்படும் கேள்வி.

செய்முறை எளிதுதான். 20 கிராம் பூவை ஹெக்ஸேன் என்ற கரைப்பான் 100 மில்லியில் ஊறவைப்பார். ஊறிய ஹெக்ஸேனை வளையும் குழாய் ஒன்றின் வழியாக வேறு குடுவைக்கு இறக்குவார். ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்றவைத்து, மிஞ்சும் சாற்றில் ஒரு மைக்ரோலிட்டரைக் கருவிக்குள் ஊசியில் ஏற்றுவோம். இரவு 9 மணிக்கு விரிந்த பூ, அதிலிருந்து 12 மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து என்று மூன்று நிலைகள்.

கருவிக்குள்ளே 30 மீட்டர் நீளத்துக்கு முடி போன்ற மெல்லிய குழாய் ஒன்று சுருண்டு கிடக்கும். ஹீலியம் தள்ளத் தள்ள, சாற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதன் நேரத்துக்கு மறுமுனையில் வந்து சேரும். வந்ததும் 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலெக்ட்ரான்கள் அதன்மேல் மோதும். மூலக்கூறு அயனியாகும், உடையும். அந்தத் துண்டுகளை நிறை வாரியாக வரிசைப்படுத்தி வரைந்தால் அதுதான் நிறை நிறமாலை. ஒரே மூலக்கூறு எப்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உடையும் என்பதால் அதை ஒரு கைரேகையாக எடுத்துக்கொள்ளலாம். கணினியில் உள்ள லைப்ரரி அந்த ரேகையைத் தன்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, "இதுவாக இருக்கலாம்" என்று ஒரு பெயரையும் மதிப்பெண்ணையும் கொடுக்கும். "இதுதான்" என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. நாம்தான் அப்படிப் படித்துவிடுகிறோம்.

வரைவில் இருந்தது

பங்குனிக் கடைசியில் மாணவி ஆய்வேட்டு வரைவைக் கொண்டுவந்தார். கருவியின் விவரத்தையும் குழாயின் அளவையும் சரிபார்த்துத் தரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. சரிபார்த்துவிட்டு, கையோடு அட்டவணையையும் பார்த்தேன். 34 பொருட்கள்.

மேல்பாதி பார்க்கவே நிறைவாக இருந்தது. பென்சைல் அசிடேட்: மூலக்கூறு அயனி, அதாவது உடையாத முழு மூலக்கூறு, 150-இல், அதிலிருந்து கீட்டீன் என்ற 42 கழன்று 108, பிறகு 91, 43. லினலூலின் 71-ம் 93-ம். மெத்தில் ஆந்த்ரனிலேட்டின் 151, 119. அப்புறம் இண்டோல். மூலக்கூறு நிறை 117 என்று ஒற்றைப்படையில் நிற்பதே உள்ளே நைட்ரஜன் இருப்பதைச் சொல்லிவிடும். அதிலிருந்து 27 கழன்று 90 வருவது ஹைட்ரஜன் சயனைடு போனதைக் காட்டும். இரவில் மல்லிகைப் பந்தல் பக்கம் போனால் கனமாக ஒரு வாசம் இறங்குமே, அதில் இண்டோலுக்கு நல்ல பங்கு உண்டு. இவையெல்லாம் இந்தப் பூவில் இருக்க வேண்டியவை, இருந்தன.

கீழே வரவர நெருடியது. 26-ஆவது நிமிடத்தில் வந்த ஒரு பொருளுக்கு நேரே ஒரு தாலேட்டின் பெயர். தாலேட் என்பது பிளாஸ்டிக்கில் கலக்கும் பொருள் வகை. அதன் பரப்பு விழுக்காடு, அதாவது வரைபடத்தில் எழும் எல்லா முகடுகளின் மொத்தப் பரப்பில் அதன் பங்கு, இரவுப் பூவில் 3, காலையில் 9, மறுநாள் இரவில் 22. விவாதப் பகுதியில் இது "பூ வாடும்போது உருவாகும் வளர்சிதைப் பொருள்" என்றும், முடிவுரையில் "மதுரை மல்லியில் முதன்முறையாக" என்றும் எழுதியிருந்தார். அட்டவணையின் கடைசியில் சிலிக்கான் வளையச் சேர்மங்கள் மூன்று.

"லைப்ரரி மேட்ச் 94 சார்" என்றார் மாணவி. "மூணு தடவை ஓட்டினோம். மூணு தடவையும் வந்துச்சு."

மூன்று தடவையும் ஓட்டியவன் நான்தான்.

நிறமாலையைத் திறந்தோம்

பெயரை மூடி வைத்துவிட்டு எண்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஆக உயரமான பீக் (முகடு) 149. அடுத்து 167, நன்றாக உயர்ந்து. கொஞ்சம் சிறிதாக 279. அதற்கு மேலே எதுவும் இல்லை.

நிறமாலை படிக்கக் கற்றுக்கொள்பவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டிய எண்களில் ஒன்று 149. தாலேட்டுகள் பலவும் உடைந்து உடைந்து கடைசியில் வந்து நிற்கும் துண்டு இது: கார்பன் 8, ஹைட்ரஜன் 5, ஆக்சிஜன் 3. நம்முடைய பொருளில் அந்தப் பாதை தெளிவாகத் தெரிந்தது. முழு மூலக்கூறு 390. ஒரு பக்கத்து எட்டுக் கார்பன் சங்கிலி 111 அளவுக்குக் கழன்றால் 279. மறுபக்கச் சங்கிலி 112 அளவுக்குக் கழன்றால் 167. அதிலிருந்து நீர், அதாவது 18, போனால் 149. முழு மூலக்கூறு இந்த அடியைத் தாங்காது என்பதால் 390 கண்ணில் படவில்லை. 167 இவ்வளவு உயரமாக இருப்பது சங்கிலி கிளைத்தது என்பதைக் காட்டுகிறது. டைஎத்தில்ஹெக்சைல் தாலேட், சுருக்கமாக டிஇஎச்பி. பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைப்பதற்காகக் கலக்கும் எண்ணெய் அது.

ஆக, லைப்ரரி சொன்ன பெயரில் தவறில்லை. பொருள் சரி. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

மாணவி இங்கே ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "149 ஒற்றைப்படைதானே சார்? அப்போ நைட்ரஜன் இருக்கணுமே? அதனாலதான் பூவோடதுன்னு நினைச்சேன்." நைட்ரஜன் விதியைப் பாதி கற்றுக்கொண்டால் இப்படித்தான் ஆகும், நானும் ஒரு காலத்தில் இப்படி நினைத்திருக்கிறேன். அந்த விதி முழு மூலக்கூறு அயனிக்கு. துண்டுகளுக்கு அது தலைகீழாகத் திரும்பும். ஒரு பிணைப்பு அறுந்து உருவாகும் சாதாரணத் துண்டில் நைட்ரஜன் இல்லையென்றால்தான் அது ஒற்றைப்படையில் வரும். 91, 43, 149 மூன்றுமே ஒற்றைப்படை, மூன்றிலும் நைட்ரஜன் கிடையாது. எது முழு மூலக்கூறு, எது துண்டு என்று முடிவு செய்யாமல் ஒற்றை, இரட்டை பார்க்கக் கூடாது.

சிலிக்கான் விஷயம் இதைவிட எளிது. 207, 281, 355 என்ற எண்கள் ஓட்டத்தின் கடைசியில், கருவியின் அடுப்பில் சூடு உச்சத்தில் இருக்கும்போது வருகின்றன. குழாயின் உட்பூச்சும் ஊசி குத்தும் ரப்பர் அடைப்பும் சூட்டில் உதிர்க்கும் சிலிக்கோன் துண்டுகள் அவை. அடையாளம் 281-இன் பக்கத்திலேயே நிற்கும். ஏழு கார்பன் மட்டும் உள்ள துண்டு என்றால் 282-இல் உள்ள பீக் சுமார் 8 விழுக்காடுதான் இருக்கவேண்டும். இங்கே அது 28-ஐ ஒட்டி இருந்தது. சிலிக்கானின் எடை கூடிய வடிவமான 29 ஐசோடோப்பு சேர்ந்து தரும் உயரம் அது. மல்லிகைச் செடி சிலிக்கோன் வளையம் செய்வதில்லை. மூன்று வரிகளையும் மாணவியே அடித்துவிட்டார்.

ஏன் அப்படியே விடவில்லை

தாலேட்டையும் அதேபோல அடித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நெறியாளர் மேடம் முதலில் ஒப்பவில்லை, அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. தாவரச் சாறுகளில் தாலேட் கிடைத்ததாகப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. சில பாசிகளும் நுண்ணுயிர்களும் தாமே அதைச் செய்கின்றன என்று வாதிடுபவர்கள் உண்டு. "மாசாக இருந்தா மூணு நிலையிலும் ஒரே அளவு இருக்கணும். இது பூ வாட வாட ஏறுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் "மாசு" என்று அடிப்பதும், பதில் இல்லாமல் "கண்டுபிடிப்பு" என்று எழுதுவதும் ஒரே தவறுதான் என்று எனக்குப் பட்டது. சோதித்துவிட்டே முடிவு செய்வோம் என்றேன்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. என் அக்கா திருமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறார். "மதுரை மல்லியில் பிளாஸ்டிக் எண்ணெய்" என்று ஒரு ஆய்வேட்டில் அச்சாகி, அது நாலு பேர் கைக்குப் போனால், சந்தையில் அடிபடுவது அக்கா மாதிரி ஆட்கள்தான். உண்மையாக இருந்தால் அச்சாகட்டும், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அது உண்மையாக இருக்கவேண்டும்.

டீக்கடையில் கிடைத்த யோசனை

அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் இயற்பியல் துறை நண்பரைப் பார்த்தேன். அவர் துகள் இயற்பியல் நடத்துபவர். அவர்களும் "நிறை நிறமாலை" என்ற அதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள், ஆனால் அங்கே எதையும் எடை போடுவதில்லை. மோதலில் தெறிக்கும் இரண்டு துகள்களின் ஆற்றலையும் உந்தத்தையும் அளந்து, இவை இரண்டும் ஒரே தாய்த் துகள் உடைந்து வந்தவை என்றால் தாயின் நிறை எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். இப்படிப் பல ஜோடிகளுக்குக் கணக்கிட்டு வரைந்தால், சரிவான ஒரு பின்னணிக் கோட்டின் மேல் எங்காவது ஒரு திமில் எழும்பும். அது துகளா, தற்செயலா, கருவியின் குறும்பா என்பதுதான் அவர்களுடைய அன்றாடப் பாடு.

என் 149-ஐப் பற்றிச் சொன்னதும் அவர் 1974-க்குப் போனார். அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங்கின் குழு, பெரிலியம் மேல் புரோட்டான்களை மோதவிட்டு, எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளின் நிறையை வரைந்துகொண்டிருந்தது. 3.1 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் (துகளின் நிறையை அவர்கள் ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள்) ஊசி போல ஒரு பீக் எழுந்தது. அவ்வளவு குறுகலான பீக்கை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. டிங் குழு உடனே கொண்டாடவில்லை. காந்தங்களின் மின்னோட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்துவிட்டு மறுபடி அளந்தார்கள். காந்தம் மாறினால் துகள்கள் கருவியின் வேறு பகுதிகள் வழியாகப் போகும். பீக் கருவியின் வேலை என்றால் அது இடம் மாறவேண்டும். அது 3.1-ஐ விட்டு நகரவில்லை. அதே நவம்பரில் பர்ட்டன் ரிக்டரின் குழு ஸ்டான்ஃபோர்டில் வேறு வழியில் அதே துகளைக் கண்டது. 1976-இல் இருவருக்கும் நோபல்.

"எதிர்ப்பக்கத்துக் கதையும் இருக்கு" என்றார் நண்பர். 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தின் இரண்டு பெரிய குழுக்களும் 750 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் இரட்டை ஃபோட்டான் (ஒளித்துகள்) திமில் ஒன்றைக் காட்டின. உலகமே பரபரத்தது. 2016 ஆகஸ்டுக்குள் இன்னும் நிறையத் தரவு சேர்ந்தபோது திமில் கரைந்துபோயிற்று.

அப்புறம் அவர் கேட்டார்: "பூவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணை உங்க செய்முறையில மாத்திப் பாருங்க. 149 மாறுதா?"

டீ ஆறிவிட்டது. கேள்வி மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

செய்முறைக் குறிப்பேட்டில் கிடைத்தது

மறுநாள் மாணவியின் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்தோம். அது நேர்மையான குறிப்பேடு. ஒவ்வொரு மாதிரிக்கும் சாற்றை எவ்வளவுக்கு வற்றவைத்தார் என்று எழுதியிருந்தார்: இரவுப் பூ 1 மில்லி, காலைப் பூ 0.5 மில்லி, மறுநாள் இரவுப் பூ 0.25 மில்லி.

"ஏன்மா இப்படி?"

"வாடின பூவுல வாசம் குறைஞ்சு போச்சு சார். பீக் சின்னதா வந்துச்சு. அதான் இன்னும் வத்த வெச்சேன்."

விழுக்காட்டை விட்டுவிட்டு, 149 பீக்கின் நேர்ப் பரப்பை எடுத்து எழுதினோம். முதலாவதை 1 என்று வைத்தால் இரண்டாவது 2.1, மூன்றாவது 3.9. ஒரு மில்லியை அரையாக்கினால் இரு மடங்கு, காலாக்கினால் நான்கு மடங்கு. அதே கணக்கு. ஒவ்வொரு குடுவையிலும் இருந்த தாலேட்டின் மொத்த அளவு ஒன்றேதான். பூ வாடினாலும் வாடாவிட்டாலும் அதே அளவு வந்து சேர்ந்திருக்கிறது, வற்றவைத்ததுதான் அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது.

பரப்பு விழுக்காடு என்ற முறை இதை இன்னும் மோசமாக்கிவிட்டது. அதில் மொத்தம் எப்போதும் 100. பூவின் பொருட்கள் ஆவியாகிக் குறையக் குறைய, மாறாமல் நிற்பதன் பங்கு தானாகவே ஏறும். ஊர் காலியானால் மிஞ்சிய ஒரு வீடு பெரிய வீடாகத் தெரிவதைப் போல. 3, 9, 22 என்ற ஏற்றத்துக்கு இந்த இரண்டும் போதும்.

மேடத்திடம் காட்டினோம். அவர் கால்குலேட்டரை எடுத்துத் தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். "சரி, பிளாங்க் ஓட்டுங்க" என்றார்.

வெற்று ஓட்டங்கள்

பூவே இல்லாமல், பூவுக்குச் செய்த அத்தனையையும் செய்து பார்ப்பதுதான் பிளாங்க். மூன்று மாதமாக இந்த மாதிரிகளை ஓட்டிய நான் ஒரு பிளாங்க்கூட ஓட்டியிருக்கவில்லை. மாணவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரிசையில் இருபது பேர் காத்திருக்க, ஹீலியம் விலையையும் நினைத்து, ஓட்டத்தை மிச்சம் பிடித்தேன். இந்த நிகழ்வில் என் தவறு அதுதான்.

முதலில் கருவியைச் சரிபார்த்தோம். அளவுதிருத்த வாயுவின் 69, 219, 502 மூன்றும் தத்தம் இடத்தில் நின்றன. காற்றின் 28, 32 தாழ்வாகவே இருந்தன, கசிவு இல்லை. பிறகு ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஊசியே போடாமல் அடுப்பை மட்டும் ஏற்றி இறக்கினோம். 207, 281 வந்தன, 149 வரவில்லை. சிலிக்கோன் கருவியுடையது என்பது அதோடு முடிந்தது. அடுத்து, புட்டியிலிருந்து ஹெக்ஸேனை நேரே எடுத்து ஏற்றினோம். 149 இருப்பதாகவும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மூன்றாவதாக, 100 மில்லி ஹெக்ஸேனை கண்ணாடிப் பாத்திரங்களிலேயே வைத்து 0.25 மில்லிக்கு வற்றவைத்தோம். சிறியதாக, ஆனால் தெளிவாக ஒரு 149. கரைப்பானிலும் காற்றிலும் கையிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும், இது எதிர்பார்த்ததே.

கடைசியாக அந்த வளையும் குழாய். மாணவியின் மேசையில் இருந்த அதே குழாயைக் கொண்டுவந்தோம். கண்ணாடி போலத் தெளிவாக, முழங்கை நீளத்துக்கு, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்களே அந்தக் குழாய். ஒரு முனை கொஞ்சம் விறைத்து, மஞ்சள் பூத்து இருந்தது. நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். புதுக் குழாய்க்கு உள்ள நெகிழ்வு அதில் இல்லை. அதை நெகிழ வைத்திருந்த எண்ணெயைத்தான் ஹெக்ஸேன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது.

100 மில்லி ஹெக்ஸேனை அதன் வழியாக இறக்கி, 0.25 மில்லிக்கு வற்றவைத்து ஏற்றினோம். மாணவி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் இருபது நிமிடமும் தட்டையான கோடு. பென்சைல் அசிடேட் இல்லை, லினலூல் இல்லை, இண்டோல் இல்லை. 26-ஆவது நிமிடத்தில் கோடு எழுந்தது. 149, 167, 279. உயரம் மறுநாள் இரவுப் பூவில் இருந்ததற்கு ஏறக்குறைய சமம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பூவே போடலையே சார்" என்றார்.

மறுபடி செய்தது

ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. மேடம் அதற்கு உடனே ஒப்புக்கொண்டார். கூடவே சோதனை முழுவதையும் புதிதாகச் செய்யலாம் என்றும் அவரே சொன்னார். பழைய தரவிலிருந்து தாலேட்டை மட்டும் கழித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான்கூட அதை ஆதரித்தேன். மேடம் மறுத்தார். ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு அளவுக்கு வற்றவைக்கப்பட்டிருக்கும்போது மற்றப் பொருட்களின் ஏற்ற இறக்கத்தையும் நம்ப முடியாது என்பது அவர் வாதம். அவர் சொன்னதுதான் சரி.

குழாயை எடுத்துவிட்டு, கண்ணாடிப் புனல் வைத்து நேராக ஊற்றினோம். பாத்திரங்களை ஹெக்ஸேனில் மூன்று முறை அலசினோம். மூடுவதற்கு பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளுக்குப் பதில், ஹெக்ஸேனில் கழுவிய அலுமினியத் தாள். எல்லாச் சாறுகளும் ஒரே 0.5 மில்லிக்கு. வற்றவைக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் டெக்கேன் என்ற ஹைட்ரோகார்பனைத் தெரிந்த அளவில் சேர்த்து, அதோடு ஒப்பிட்டே பரப்பை எழுதினோம். விழுக்காட்டை நம்ப வேண்டிய தேவை அதோடு போயிற்று. மூன்று மாதிரிக்கு ஒரு பிளாங்க்.

சித்திரைத் திருவிழா நேரம், சந்தையில் பூ வாங்குவது பெரிய பாடு. அதுவுமில்லாமல் சந்தைப் பூ எந்தப் பையில், எந்த வண்டியில் வந்தது என்று தெரியாது. அக்காவிடம் கேட்டேன். விடியற்காலை நாலரைக்குப் பறித்து, எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, வாழை இலையால் மூடி முதல் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். "பிளாஸ்டிக் பையில போடக் கூடாதுன்னு சொன்னியே, இந்தா" என்று போனில் சொன்னார். அந்த மொட்டுகள் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் இரவு 9 மணிக்கு விரிந்தன.

என்ன கிடைத்தது

149 எல்லா மாதிரிகளிலும் பிளாங்க் அளவிலேயே நின்றது. பூ வாடியதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 34 பொருட்கள் இருந்த அட்டவணை 21 ஆகச் சுருங்கியது. போன 13-இல் பாதி மாசு. மீதி, லைப்ரரி சொன்ன பெயர்களை ஆதரிக்க நிறமாலையில் போதுமான துண்டுகள் இல்லாததால் நாங்களே எடுத்தவை.

ஆனால் மறுபக்கம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. ஒரே அளவுக்கு வற்றவைத்து, டெக்கேனோடு ஒப்பிட்டபோது, பழைய அட்டவணையில் குழம்பிக் கிடந்த இண்டோல் தெளிவாக எழுந்து வந்தது. பென்சைல் அசிடேட்டும் லினலூலும் 24 மணி நேரத்தில் மளமளவென்று இறங்க, இண்டோல் மெதுவாகவே இறங்கியது. வாடிய பூவில் இனிப்பு போய்க் கனத்த ஒரு வாசம் மட்டும் மிஞ்சும் என்று பூக்கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அந்த வித்தியாசம் இப்போது மூன்று நேரப் புள்ளிகளில் எண்ணாக இருக்கிறது. தாலேட் ஏற்றம் இருந்த இடத்தில் ஆய்வேட்டில் இப்போது இது இருக்கிறது. ஆடியில் ஆய்வேடு போயிற்று.

சந்தைப் பூவையும் மூன்று கடைகளில் வாங்கி அதே சுத்தமான முறையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டில் பிளாங்க் அளவு. ஒன்றில் கொஞ்சம் கூடுதல், ஆனால் பிளாங்க்குகள் தமக்குள்ளே வேறுபடும் அளவைத் தாண்டவில்லை. அதனால் அதைப் பற்றி ஆய்வேட்டில் எதுவும் எழுதவில்லை.

இனி மாற்றுவது

கருவிக்கூடத்தின் விண்ணப்பத் தாளில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். சாறு எந்தெந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டது, கடைசியில் எவ்வளவுக்கு வற்றவைக்கப்பட்டது. இவை நிரப்பாமல் மாதிரி வாங்குவதில்லை. மாணவர் தன் செய்முறையில் எடுத்த பிளாங்க் ஒன்றை மாதிரிகளோடு கொண்டுவரவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஹீலியம் செலவு கூடத்தான் செய்கிறது. மூன்று மாதம் பூவே இல்லாத பீக்கை ஓட்டிய செலவைவிட அது குறைவு.

அறிக்கை தரும் விதத்தையும் மாற்றியிருக்கிறேன். முன்பெல்லாம் லைப்ரரி கொடுக்கும் பெயரையும் மதிப்பெண்ணையும் அச்சிட்டுக் கொடுத்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் முக்கியத் துண்டுகளின் எண்களும், மூலக்கூறு அயனி தெரிந்ததா இல்லையா என்பதும், பிளாங்க்கில் அதே நிமிடத்தில் என்ன இருந்தது என்பதும் வரும். 149, 207, 281 கொண்ட வரிகளைக் கணினியே தனி நிறத்தில் காட்டும். நீக்குவதில்லை, காட்டுவதோடு சரி. பிவிசியையே ஆராய வருகிற மாணவர் ஒருவர் நாளைக்கு வரலாம்.

ஒன்றை இன்னும் செய்யவில்லை. இண்டோல் மெதுவாக இறங்குவதாக நாங்கள் பார்த்தது ஒரே வயல், ஒரே வாரத்துப் பூ. மழைக்காலப் பூவிலும் அப்படித்தானா என்று பார்க்கவேண்டும். ஐப்பசியில் அக்காவின் வயலிலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு வயலிலிருந்தும் பூ எடுப்பதாக மாணவி சொல்லியிருக்கிறார். அதற்கான பிளாங்க்குகளை நேற்றே ஓட்டி வைத்துவிட்டோம்.